மலாயாவில் அச்சான ஒரு பழைய அறிவிப்புத் துண்டிலிருந்து பெரிய தாத்தாவைத் தேடுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பழைய நாளேடுகளில் பழக்கமுள்ளவர்கள் இங்கே இருப்பதாக அறிந்து இதை எழுதுகிறேன்.

என் தாத்தாவின் தமையனார் 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார். அப்போது எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகாவில் இருந்தது. இன்று அது திருவாரூர் மாவட்டம். போனவர் சில முறை பணம் அனுப்பினார் என்றும், பிறகு கடிதப் போக்குவரத்து குறைந்துவிட்டது என்றும், ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே மாண்டார் என்றும் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் இறந்த நாள் யாருக்கும் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. ஆடி அமாவாசையன்று மற்ற முன்னோர்களோடு சேர்த்து அவர் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி. புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

சென்ற ஆண்டு பழைய வீட்டைப் பிரித்தபோது அப்பாயியின் தகரப் பெட்டியில் ஒரு கிரயப் பத்திரத்தின் மடிப்புக்குள் நாளேட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத துண்டு. மேற்புறமும் வலது கீழ்மூலையும் கிழிந்திருக்கின்றன. படிக்க முடிந்தவரை அதில் இருப்பது இதுதான்: "...அவர்கள் ஈஸ்வர" என்று தொடங்கி, அடுத்து எனக்குப் புரியாத சுழித்த ஓர் எழுத்து; பிறகு "ஆவணி", மறுபடியும் அதுபோன்ற ஓர் எழுத்து; "12", இன்னோர் எழுத்து; "வெள்ளிக்கிழமை காலை சிவபதவியடைந்தார். பந்துமித்திரர்கள் இதையே நேரில் அழைத்ததாகப் பாவித்து உத்தரகிரியைக்கு..." என்பதோடு அந்த வரி சிதைகிறது. அடியில் "தெலுக்கான்சன். இங்ஙனம், மைத்துனன் கானா மூனா" என்று இருக்கிறது, அதற்குப் பின் தாள் இல்லை. இறந்தவரின் பெயர் இருந்திருக்க வேண்டிய மேற்பகுதி முழுவதும் போய்விட்டது.

ஈஸ்வர என்பது இறந்தவருடைய பெயரின் கடைசிப் பகுதியா, அல்லது அருகிலிருந்த கோயிலின் பெயரா என்று தெரியவில்லை. கானா மூனா என்பது ஏதோ கடையின் பெயராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இணையக் காப்பகம் ஒன்றில் பெரிய தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடியபோது நூற்றுக்கணக்கில் முடிவுகள் வந்தன. ஊர்ப் பெயரையும் சேர்த்தபோது ஒன்றுகூட வரவில்லை.

இது எந்த நாளேடு, எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இது அவருடைய மரண அறிவிப்புதானா? அப்படியானால் சயாம் கதை தவறு என்று ஆகும். திதி கொடுக்க எங்களுக்கு ஒரு நாளும் கிடைக்கும். என் தந்தையாருக்கு இப்போது 84 வயது. அவர் இருக்கும்போதே இதற்கு ஒரு விடை காண விரும்புகிறேன்.


மறுமொழி 1 (நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்)

உங்களுக்குப் புரியாத அந்த மூன்று எழுத்துகளே உங்களுக்கு வேண்டிய விடையின் பாதியைச் சொல்லிவிடுகின்றன. அக்காலத்து அச்சில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்னும் குறிகளை இடுவது வழக்கம். ஆகவே உங்கள் துண்டில் இருப்பது ஈஸ்வர வருஷம், ஆவணி மாதம், 12ஆம் தேதி என்பதாகும். ஈஸ்வர என்பது ஆளின் பெயருமன்று, கோயிலின் பெயருமன்று. அறுபதாண்டுச் சுழற்சியில் 11ஆம் ஆண்டின் பெயர். அந்த ஆண்டு 1937 ஏப்ரலில் பிறந்து 1938 ஏப்ரலில் முடிந்தது. இதற்கு முந்தைய ஈஸ்வர 1877, பிந்தையது 1997. இரண்டுமே உங்கள் குடும்பக் கதைக்குப் பொருந்தா.

துண்டில் கிழமையும் இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. ஆவணி மாதம் ஆகஸ்டு 16 அல்லது 17இல் பிறக்குமாதலால் 12ஆம் தேதி என்பது 27 அல்லது 28ஆக இருக்க வேண்டும். 1937இல் ஆகஸ்டு 27ஆம் தேதிதான் வெள்ளிக்கிழமை. இப்படி ஆண்டு, தேதி, கிழமை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வரும்போது கணக்கை நம்பலாம். இசையவில்லை என்றால் அச்சுப் பிழையா, நாம் படித்ததில் பிழையா என்று மீண்டும் பார்க்க வேண்டும். பழைய அறிவிப்புகளில் எண் தவறாக அச்சாவது அரிதன்று. கிழமை தவறுவது அதைவிடக் குறைவு என்பது என் அனுபவம்.

இனி, அறிவிப்பு வெளியான நாள். உத்தரகிரியைக்கு அழைக்கும் அறிவிப்பு அந்தச் சடங்குக்கு முன்பே வந்திருக்க வேண்டும். 16ஆம் நாள் என்று கொண்டால் அது செப்டம்பர் 11 ஆகும். தெலுக் ஆன்சனிலிருந்து செய்தி அஞ்சலில் நகரத்துக்குப் போய், கோக்கப்பட்டு, அச்சாக இரண்டு மூன்று நாளாவது பிடித்திருக்கும். ஆக, நீங்கள் புரட்ட வேண்டியது ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 11 வரையிலான இதழ்களை மட்டுமே. பதினான்கு நாள் இதழ்களை ஒருவர் ஒரே பகலில் பார்த்து முடித்துவிடலாம்.

எந்த நாளேடு என்பதற்கு இரண்டு பெயர்களை முதலில் சொல்வேன். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் ஒன்று. சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கி இன்றும் வெளிவரும் தமிழ் முரசு மற்றொன்று. தெலுக் ஆன்சன் பேராக் மாநிலத்து ஊர். கோலாலம்பூருக்கே அருகு என்பதால் நான் தமிழ் நேசனை முதலில் பார்ப்பேன். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்னும் இணையக் காப்பகத்தில் நாள்வாரியாகப் புரட்டலாம். தமிழ் நேசனுக்குக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் தேசிய நூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். அவ்வாறு எழுதும்போது "என் பெரிய தாத்தாவைப் பற்றி ஏதேனும் உண்டா" என்று கேட்காமல், இதழின் பெயரையும் இந்த இரண்டு வாரத்தையும் குறிப்பிட்டு, விளம்பரப் பக்கங்களின் படி வேண்டும் என்று கேட்க வேண்டும். நூலகத்தில் இருப்பவரால் முதல் வகைக் கேள்விக்கு எதுவும் செய்ய இயலாது. இரண்டாவது வகைக்கு ஒரு மைக்ரோஃபிலிம் சுருளை எடுத்து வைத்தால் போதும்.

பெயரை இட்டுத் தேடும் பெட்டியை நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய அச்சில் ணை, லை, னை, ளை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை ஒரே கூட்டெழுத்தாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் அரசாணை வழியாக எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978இல்தான். இந்த வடிவங்களைக் கணினி பெரும்பாலும் தப்பாகவே படிக்கிறது. மங்கிய சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிடப்படும் அறிவிப்புகளில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். தேடல் பெட்டி "இல்லை" என்று சொன்னால் நாளேட்டில் இல்லை என்று பொருளாகாது.

துண்டின் பின்புறத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. துண்டை வெட்டியவர் முன்பக்கத்துக்காக மட்டுமே வெட்டியிருப்பார். பின்பக்கத்தில் பாதியாக நிற்கும் கப்பல் விளம்பரமோ, ரப்பர் விலையோ, விளையாட்டுச் செய்தியோ எந்த நாளேட்டின் எந்த நாள் இதழ் என்று உறுதிப்படுத்தப் பெரிதும் உதவும். அருள்கூர்ந்து அதையும் படித்துச் சொல்லுங்கள். தாளை ஒட்டுநாடாவால் ஒட்டவோ, பிளாஸ்டிக் உறையில் சூடாக்கி மூடவோ செய்ய வேண்டா.


மறுமொழி 2 (தன் குடும்பத்தைப் பதினோர் ஆண்டுகளாகத் தேடிவருபவர்)

மேலே உள்ள மறுமொழி நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

நாளேட்டு அறிவிப்பைப் படிக்கும்போது நம் கண் இறந்தவர் பெயருக்கே போகும். அந்த அறிவிப்பைக் கொடுத்தவர் யார், யார் படிப்பதற்காகக் கொடுத்தார், கொடுக்காமல் விட்டிருந்தால் அவருக்கு என்ன குறை வந்திருக்கும் என்ற கேள்விகளை முதலில் கேட்கப் பழகுங்கள். செய்தி என்பதை நாளேடு தானே தேடிப் போய் எழுதும். அறிவிப்பு என்பதை ஒருவர் காசு கொடுத்து, தன் கையால் எழுதி, தன் பெயரை அடியில் இட்டு வெளியிடுகிறார். ஆகவே அறிவிப்பில் மிக உறுதியான பெயர் அடியில் "இங்ஙனம்" என்பதை அடுத்து நிற்கும் பெயர்தான்.

கானா மூனா என்பது கடையின் பெயராக இருக்க வேண்டியதில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் தங்கள் முன்னெழுத்துகளை ஒலித்தபடியே நீட்டி எழுதினார்கள். க என்பது கானா, மு என்பது மூனா, ரு என்பது ரூனா, சி என்பது சீனா, ப என்பது பானா. வட்டித் தொழில் செய்த நகரத்தாரின் விலாசங்களும், கடை வைத்திருந்த மரைக்காயர்களின் பெயர்களும் ஆங்கில நாளேடுகளில்கூட இவ்வாறே நீட்டி அச்சாகின. நீங்கள் ஆங்கிலத்தில் தேடும்போது ஒற்றை எழுத்தை இட்டுத் தேடாமல் கானா, மூனா என்பவற்றை ஆங்கில எழுத்தில் முழுச் சொல்லாக இட்டுத் தேட வேண்டும். பெயரையும் நம்மூரில் இன்று எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடாதீர்கள். கோவிந்தசாமி என்னும் பெயரை மலாயாவின் எழுத்தர்கள் எத்தனை விதமாக எழுதினார்கள் என்று நான் ஒரு தாளில் குறித்து வந்தேன்; பதினான்கு வடிவங்கள் ஆயின.

ஆக, உங்கள் அறிவிப்பைக் கொடுத்தவர் க. மு. என்னும் முன்னெழுத்துகளை உடையவர், இறந்தவருக்கு மைத்துனர். இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவின் முன்னெழுத்துகள் என்ன? கிரயப் பத்திரத்தில் அவை இருக்கும். அந்தத் துண்டு ஏன் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1937இல் மலாயாவின் தமிழ் நாளேடு ஒன்று மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூருக்குத் தானாக வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. யாரோ ஒருவர் அதை வெட்டிக் கடிதத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார். உங்கள் பெரிய தாத்தா இறந்துபோய், அதை அறிவிக்க மைத்துனர் அனுப்பினார் என்பது ஒரு வழி. வேறொரு வழியும் இருக்கிறது. பத்திரத்தைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மைத்துனன் என்னும் சொல்லிலும் எச்சரிக்கை தேவை. மனைவியின் சகோதரனும் மைத்துனன். சகோதரியின் கணவனும் மைத்துனன். அத்தை மகனும் மாமன் மகனும்கூட மைத்துனர்களே. அவ்வாறே அண்ணன் என்று அச்சாகியிருந்தால் உடன்பிறந்தவர் என்று முடிவு கட்ட முடியாது. பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். அறிவிப்பில் உள்ள உறவுச் சொல்லை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வம்சாவளிப் படத்தில் கோடு வரைவது பிறகு ஆகட்டும்.

என் குடும்பத்தில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். என் பூட்டனாரின் பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும் உள்ள ஒருவருடைய மரண அறிவிப்பு எனக்குக் கிடைத்தபோது, மகிழ்ச்சியில் வேறெதையும் ஒப்பிடாமல் அவரையே என் பூட்டனாராக எழுதிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் அவருடைய பிள்ளைகளின் வழியைத் தேடி அலைந்த பிறகு, அதே ஆண்டின் இறுதியில் வெளியான ஒரு சட்ட அறிவிப்பைப் பார்த்தேன். இறந்தவருடைய சொத்தின் மீது கடனோ உரிமையோ கோருபவர்கள் குறித்த நாளுக்குள் வழக்கறிஞரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற வகை அறிவிப்பு அது. அதில் இறந்தவரின் சொந்த ஊர், தாலுகாவோடு அச்சாகியிருந்தது. அது எங்கள் ஊரன்று. மரண அறிவிப்பு உறவினருக்காக எழுதப்படுவதால் அவர்களுக்கு முன்பே தெரிந்ததைச் சொல்லாமல் விட்டுவிடும். கடன்காரர்களுக்கான அறிவிப்போ, ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே ஊர், தொழில், இறந்த இடம், சொத்தின் நிர்வாகம் எடுப்பவர் எல்லாவற்றையும் சொல்லும். அன்றுமுதல் ஒரு மரண அறிவிப்பு கிடைத்தால் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குச் சட்ட அறிவிப்புகளையும் பார்க்காமல் எதையும் முடிவு செய்வதில்லை.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்" என்று தொடங்கும் பொது அறிவிப்புகளையும் தள்ளிவிடாதீர்கள். கூட்டு வியாபாரத்திலிருந்து விலகியவர், ஏஜெண்டுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்தவர், பெயரை மாற்றிக்கொண்டவர், கைநாட்டிட்ட பத்திரம் தொலைந்துபோனவர் ஆகியோரெல்லாம் அந்த வரியின்கீழ் வருவார்கள். என் தேடலில் கிடைத்த நல்ல தகவல்களில் பாதிக்கு மேல் அங்கிருந்தே வந்தன.


மறுமொழி 3 (பேராக் மாநிலத்தில் வசிப்பவர்)

வணக்கம். தெலுக் ஆன்சன் இப்போது தெலுக் இந்தான். 1982இல் பெயர் மாறியது. நாளேட்டில் பழைய பெயரையும், இன்றைய அலுவலகங்களில் புதிய பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டும். கிள்ளான் துறைமுகமும் அவ்வாறே. 1972 வரை அது போர்ட் சுவெட்டன்ஹாம்.

துண்டின் கிழிந்த பகுதியில் ஒரு தோட்டத்தின் பெயர் இருந்திருக்கலாம். அது கிடைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பாட்டன்மார் தோட்டங்களைக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரால் அழைக்கவில்லை. துரையின் பெயர், ஆற்றின் வளைவு, பக்கத்திலிருந்த மரம், முதலில் வந்த கங்காணியின் ஊர் ஆகியவற்றை வைத்துத் தமிழில் ஒரு பெயர் இட்டு அழைத்தார்கள். தமிழ் நாளேட்டில் அந்தப் பெயரே அச்சாகும்; நில அலுவலகப் பதிவில் அது இருக்காது. இந்தப் பெயர்களை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், பெயர் கிடைத்தவுடன் இங்கே எழுதுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.

1937இல் காசு கொடுத்துத் தமிழ் நாளேட்டில் அறிவிப்பு வெளியிட்டவர் நாட்கூலிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவராக இருப்பது அரிது என்று எனக்குத் தோன்றுகிறது. கங்காணியாகவோ, தோட்டத்துக் கிராணியாகவோ (எழுத்தராகவோ), பட்டணத்தில் மளிகைக் கடை வைத்தவராகவோ இருக்கலாம். பெயரை நீட்டி முன்னெழுத்தோடு எழுதும் முறையும் அதற்கே பொருந்துகிறது. இது என் ஊகம் மட்டுமே.

சயாம் பாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அந்தப் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையில் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களுக்கு மரண அறிவிப்பு என்று ஒன்று வந்ததே இல்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு பழைய நாளேடுகள் நின்றுபோய், ஆட்சியாளரின் தாள்களே வெளிவந்தன. ஆகவே அந்த மூன்றரை ஆண்டுகளில் அறிவிப்பு கிடைக்கவில்லை என்பதை வைத்து யாரும் உயிரோடு இருந்தார் என்றோ, இறந்தார் என்றோ சொல்ல முடியாது. தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1945 செப்டம்பர் 7ஆம் தேதி மீண்டும் வெளிவந்தது. அதன்பின் வந்த ஓராண்டு, ஈராண்டு இதழ்களில் காணாமற்போனவர்களைத் தேடும் அறிவிப்புகளையும், இறந்ததாகக் கருதப்படுபவர்களின் சொத்து பற்றிய சட்ட அறிவிப்புகளையும் பொறுமையாகப் பாருங்கள். என் தாயாரின் சிற்றப்பா பெயரை நான் அப்படி ஒரு வரியில்தான் கண்டேன். அவருடைய எலும்பு எங்கே கிடக்கிறது என்று இன்றும் தெரியாது. ஆனால் அவரைத் தேடி ஒருவர் காசு செலவழித்து அறிவிப்புக் கொடுத்திருந்தார் என்று தெரிந்த அன்று என் தாயார் நெடுநேரம் அந்தப் படியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.


கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் என் வணக்கமும் நன்றியும். நீங்கள் சொன்னவற்றைப் படித்துவிட்டு ஊருக்குப் போய்ப் பத்திரத்தையும் துண்டையும் மறுபடியும் பார்த்து வந்ததால் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

பின்பக்கத்தில் இருப்பது கப்பல் விளம்பரத்தின் நடுப்பகுதி. "பினாங்கு, நாகப்பட்டணம், சென்னை" என்ற ஊர்களும், புறப்படும் நாளாக "செப்டம்பர் 8" என்பதும் தெளிவாகத் தெரிகின்றன. முதல் மறுமொழியில் கணக்கிட்டுச் சொன்ன இரண்டு வாரத்துக்குள்ளேயே அது விழுகிறது.

அந்தக் கிரயப் பத்திரத்தை நான் இதுவரை துண்டைச் சுற்றியிருந்த உறை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. அதில் தாத்தாவின் பெயருக்கு முன் க. மு. என்று இருக்கிறது. க என்பது அவருடைய பாட்டனாரின் பெயர், மு என்பது தந்தையாரின் பெயர். தாத்தாவின் உடன்பிறந்த தமையனாருக்கும் அவையே முன்னெழுத்துகளாக இருந்திருக்க வேண்டும்.

அதைப் பார்த்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இறந்தவர் பெரிய தாத்தா அல்லர் என்றும், அறிவிப்பைக் கொடுத்தவரே அவர் என்றும் தோன்றுகிறது. தன் மைத்துனர் இறந்ததைத் தன் தம்பிக்குத் தெரிவிக்க, தான் கொடுத்த அறிவிப்பையே வெட்டிக் கடிதத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார். தந்தையாரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் பெரியப்பாவுக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்திருக்கும்" என்றார். பெரிய தாத்தாவுக்கு ஊரில் திருமணம் ஆகவில்லை. உடன்பிறந்த சகோதரிகளும் இல்லை. அத்தை மகன், மாமன் மகன் என்ற வாய்ப்பு இருக்கிறது என்பதை நான் தந்தையாரிடம் எடுத்துச் சொன்னேன். ஆயினும் அவர் அன்று மாலையே எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் போய், நம் பக்கத்திலிருந்து அந்நாளில் தெலுக் ஆன்சன் போனவர்கள் யார் யார் என்று கேட்டுக் குறித்து வந்திருக்கிறார். ஆறு பெயர்கள். அவர்களில் இருவர் எங்களுக்குத் தாய்வழியில் முறை ஆகிறவர்கள்.

திதிக்கு நாள் கிடைக்கவில்லை. 1937 ஆவணியில் அவர் உயிரோடு இருந்தார் என்பதும், பேராக்கில் அறிவிப்புக் கொடுக்கும் நிலையில் இருந்தார் என்பதும் கிடைத்திருக்கின்றன. தமிழ் முரசின் அந்த இரண்டு வார இதழ்களை இணையத்தில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அந்த அறிவிப்பு அங்கே இல்லை. தமிழ் நேசனுக்காகக் கோலாலம்பூருக்கு எழுதியிருக்கிறேன்.


மறுமொழி 2இன் தொடர்ச்சி

அம்மா, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். க. மு. என்னும் முன்னெழுத்துகள் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே எழுத்துகள் உடையவருடைய அறிவிப்பு, அதே எழுத்துகள் உடைய பத்திரத்தின் மடிப்புக்குள் இருந்திருக்கிறது என்பதால், நானும் உங்கள் முடிவின் பக்கமே சாய்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டா. இறந்த மைத்துனருக்குக் கொஞ்சமாவது சொத்து இருந்திருந்தால், 1937 செப்டம்பர் முதல் 1938 இறுதிக்குள் அவருடைய கடன்காரர்களுக்கான சட்ட அறிவிப்பு ஆங்கில நாளேட்டில் வந்திருக்கலாம். அதில் நிர்வாகம் எடுப்பவராக உங்கள் பெரிய தாத்தாவின் முழுப்பெயரும் முகவரியும் இருக்கக்கூடும். நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் தெலுக் ஆன்சன் என்னும் ஊர்ப்பெயரை மட்டும் இட்டு அந்தப் பதினாறு மாதங்களுக்குத் தேடலைச் சுருக்கி, தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் ஆகிய இரண்டின் விளம்பரங்களையும் பாருங்கள். ஆள் பெயரை எழுத்தர்கள் பதினான்கு விதமாக எழுதியிருப்பார்கள். ஊர்ப்பெயரில் அவ்வளவு மாற்றம் இராது. உங்கள் தந்தையார் குறித்து வந்த ஆறு பெயர்களையும் தனிச் செய்தியில் எனக்கு அனுப்புங்கள். 1937இன் கடைசி நான்கு மாதங்களை நான் பார்க்கிறேன். 1938ஐ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.